இரும்பு மூடிக்குக் கீழே ஒரு நீர்மானி: என்பி-ஐஓடி கருவியைப் பல ஆண்டு ஓடும்படி அமைப்பது எப்படி

தெருவோரக் குழிக்குள் இரும்பு மூடிக்குக் கீழே கிடக்கும் ஒரு நீர்மானிக்கு மின் இணைப்பு கிடையாது, வைஃபை கிடையாது, யாரும் அடிக்கடி வந்து எட்டிப்பார்ப்பதும் கிடையாது. அது தன் அளவீட்டைச் செல்பேசி டவர் வழியாகத் தானே அனுப்பிக்கொண்டு, ஒரே பேட்டரியில் பல ஆண்டுகள் ஓட வேண்டும். செல்பேசித் தரநிலைகளை வகுக்கும் 3ஜிபிபி அமைப்பு 2016 ஜூனில் முடித்த 13ஆம் தரநிலை வெளியீடு இத்தகைய கருவிகளுக்காகவே என்பி-ஐஓடி, எல்டிஇ-எம் என்னும் இரண்டு குறைமின் வழிகளை 4ஜிக்குள் கொண்டுவந்தது. பத்தாண்டு பேட்டரி ஆயுள் என்று விளம்பரங்கள் சொல்வது நடக்கக்கூடியதுதான். ஆனால் அதைத் தீர்மானிப்பது நீங்கள் வாங்கும் மாட்யூல் (டவரோடு பேசும் மின்னணுத் தொகுதி) மட்டுமன்று. கருவியை வைக்கும் இடமும், அந்த இடத்தில் வலைப்பின்னல் உங்களுக்குத் தரும் அமைப்புகளும்தான் பெரும்பகுதியைத் தீர்மானிக்கின்றன. ஆகவே வேலையை அங்கிருந்து தொடங்க வேண்டும்.

முதலில் வலைப்பின்னலைத் தேர்ந்தெடுங்கள். மாட்யூலைப் பிறகு பார்க்கலாம். என்பி-ஐஓடி எடுத்துக்கொள்வது வெறும் 180 கிலோஹெர்ட்ஸ் அகலம். பெரும்பாலான 4ஜி டவர்களில் மென்பொருளை மேம்படுத்தினாலே அதைத் தொடங்கிவிட முடியும் என்பதால் அது விரைவாகப் பரவியது. வோடஃபோன் 2017 ஜனவரியில் ஸ்பெயினில் வணிகச் சேவையைத் தொடங்கியது. அதே ஆண்டில் சீன அரசு நாடு முழுவதும் அதைக் கொண்டுசெல்ல இலக்கு வகுத்தது, அங்கே நீர்மானியும் எரிவாயுமானியும் புகை எச்சரிக்கைக் கருவியும் பெருமளவில் அதில் இணைந்தன. ஆனால் எல்லா நாட்டிலும் கதை அப்படிப் போகவில்லை. ஜப்பானின் டோகோமோ 2020 மார்ச்சிலேயே என்பி-ஐஓடி சேவையை மூடிவிட்டது. அமெரிக்காவின் ஏடி அண்ட் டி 2025இன் முதல் காலாண்டில் அதை நிறுத்துவதாக அறிவித்து, வாடிக்கையாளர்களை எல்டிஇ-எம் பக்கம் திருப்பியது. மண்ணுக்குள் பத்தாண்டு இருக்கப்போகும் கருவிக்கு இது சிறிய செய்தியன்று. எனவே சேவை எந்த ஆண்டு வரை உறுதி, எந்த அலைவரிசையில் இயங்குகிறது, இரண்டாவது வழி ஏதேனும் உண்டா என்ற மூன்று கேள்விகளுக்கும் தொலைத்தொடர்பு நிறுவனத்திடம் எழுத்தில் பதில் வாங்குங்கள்.

அசையாத கருவி, நாளுக்குச் சில சிறு செய்திகள், ஆழமான இடம் என்றால் என்பி-ஐஓடி பொருந்தும். ஓடும் வண்டியில் வைப்பதற்கும் குரல் அழைப்புக்கும் எல்டிஇ-எம் ஏற்றது. ஒரு டவரிலிருந்து அடுத்த டவருக்குத் தொடர்பு அறுபடாமல் மாறும் வசதி அதில் உண்டு. இந்தியாவில் ஜியோவும் ஏர்டெலும் என்பி-ஐஓடி சேவை தருகின்றன. மின்சாரம் தாராளமாகக் கிடைக்கும் இடத்தில் சாதாரண 4ஜியின் குறைவேக வகையான கேட்-1 மாட்யூலே போதும், அங்கே குறைமின் வழியைத் தேடி அலைய வேண்டியதில்லை.

இந்தியாவில் சிம் வாங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். எந்திரங்களுக்கான சிம்களுக்கு 13 இலக்க எண் வழங்கப்படுகிறது. 2018இல் தொலைத்தொடர்புத் துறை வகுத்த விதிகளின்படி, அத்தகைய சிம் முன்கூட்டியே குறித்துக் கொடுத்த முகவரிகளுக்கு மட்டுமே தரவு அனுப்பும். சர்வரின் முகவரியைப் பின்னால் மாற்றிக்கொள்ளலாம் என்று எண்ணி ஆயிரம் கருவிகளைப் புதைத்துவிட்டால் பெரும் சிக்கலாகிவிடும். நிலையான முகவரியை முதலிலேயே முடிவு செய்து, அதையே பதிவு செய்யுங்கள்.

இனி இடத்தை அளப்பது. இதில் காட்டும் பொறுமை முழுவதும் பின்னால் பேட்டரி ஆயுளாகத் திரும்பி வரும். கையிலிருக்கும் செல்பேசியில் எத்தனை கோடு தெரிகிறது என்பது இங்கே பயன்படாது. நிறுவப்போகும் அதே மாட்யூலையும் அதே ஆண்டெனாவையும் குழிக்குள் இறக்கி, மாட்யூல் சொல்லும் ஆர்எஸ்ஆர்பி அளவை, அதாவது டவரின் சிக்னல் எவ்வளவு வலுவாக வந்து சேர்கிறது என்பதை, குறித்துக்கொள்ளுங்கள். நான் ஒரு குழியில் மூடியைத் திறந்து வைத்துப் பார்த்தபோது −101 டிபிஎம் இருந்தது; இந்த எண் சுழியத்திலிருந்து கீழே போகப்போகச் சிக்னல் நலிகிறது என்று பொருள். இரும்பு மூடியைச் சாத்தியதும் −119க்கு இறங்கியது. ஆண்டெனாவைக் குழாயிலிருந்து ஒரு சாண் விலக்கி, மூடியின் விளிம்போரம் உயர்த்திக் கட்டியதும் −110க்கு ஏறி வந்தது. எனவே மூடியைச் சாத்தி அளப்பதுதான் அளவு. மழைக்காலத்தில் குழியில் நீர் நிற்கும் என்றால், நீர்மட்டம் எட்டாத உயரத்தில் ஆண்டெனாவை வையுங்கள். நீருக்குள் மூழ்கினால் சிக்னலில் பெரும்பகுதி அங்கேயே போய்விடும்.

பழைய 2ஜியைவிட 20 டெசிபல், அதாவது நூறு மடங்கு நலிந்த சிக்னலையும் என்பி-ஐஓடி தாங்கும் என்பது உண்மைதான். ஆனால் ஒரே செய்தியைத் திரும்பத் திரும்ப அனுப்பித்தான் அது தாங்குகிறது. கருவியிலிருந்து டவருக்கு 128 முறை வரையிலும், டவரிலிருந்து கருவிக்கு 2048 முறை வரையிலும் திரும்ப அனுப்பத் தரநிலை இடம் தருகிறது. ஆகவே சிக்னல் கிடைக்கிறது என்பதோடு நிறைவடையாமல், என்ன விலைக்குக் கிடைக்கிறது என்று கேட்க வேண்டும். அந்த விலையைக் கணக்கிட்டுப் பார்ப்போம். அனுப்பும்போது 220 மில்லி ஆம்பியர், அனுப்பி முடித்தபின் வலைப்பின்னல் தொடர்பை விடுவிக்கும் வரை 20 நொடிகள் 40 மில்லி ஆம்பியர், உறக்கத்தில் சுற்று முழுவதற்கும் 10 மைக்ரோ ஆம்பியர், 19 ஆம்பியர்-மணி பேட்டரியில் எழுபது விழுக்காடு பயன்படும் என்று வைத்துக்கொள்வோம். நல்ல இடத்தில் 2 நொடியில் செய்தி போய்விடும் என்றால், மணிக்கு ஒருமுறை அனுப்பும் கருவி நான்கு ஆண்டுகளுக்குச் சற்று மேல் ஓடும். மோசமான இடத்தில் அதே செய்திக்கு 20 நொடி ஆகும் என்றால் ஓராண்டைச் சற்றுத் தாண்டியதும் பேட்டரி தீர்ந்துவிடும்.

அதே கணக்கில் இன்னொன்றையும் பாருங்கள். நல்ல இடத்தில்கூட, அனுப்புவதற்கான செலவைவிட அனுப்பியபின் காத்திருக்கும் 20 நொடிக்கான செலவு ஏறத்தாழ இரட்டிப்பாக இருக்கிறது. இதைத் தவிர்க்க ஆர்ஏஐ என்ற வசதி உண்டு. என்னிடம் அனுப்ப வேறொன்றும் இல்லை, என்னை விடுவித்துவிடு என்று கருவி செய்தியோடு சேர்த்தே டவருக்குச் சொல்லிவிடும். காத்திருப்பு முற்றிலும் நீங்கினால் மேற்சொன்ன நான்காண்டு கணக்கில் பதினொன்றுக்கு மேல் ஆகிவிடும். வலைப்பின்னலும் மாட்யூலும் இதற்கு இடம் தருகின்றனவா என்பதைக் கொள்முதலுக்கு முன்பே சோதித்துப் பாருங்கள். நான் வேறு எந்த வசதியைவிடவும் இதற்கே முதலிடம் கொடுப்பேன்.

அடுத்து உறக்கம். பிஎஸ்எம் என்ற மின்சேமிப்பு முறையில் கருவி டவரில் பதிவு செய்த நிலையிலேயே ஆழ்ந்து உறங்கும். அப்போது வெளியிலிருந்து யாரும் அதை எழுப்ப முடியாது. இடிஆர்எக்ஸ் என்ற மற்றொரு முறையில் இடையிடையே கண்விழித்து அழைப்பு உண்டா என்று கேட்கும். என்பி-ஐஓடியில் அந்த இடைவெளி ஏறத்தாழ 2 மணி 55 நிமிடம் வரை நீளலாம். அளவீட்டை அனுப்ப மட்டுமே செய்யும் மானிக்கு பிஎஸ்எம் போதும். வால்வை மூடச் சொல்லும் கட்டளை உடனடியாகப் போய்ச் சேர வேண்டும் என்றால் குறுகிய இடைவெளி கொண்ட இடிஆர்எக்ஸ் தேவைப்படும். எதைக் கேட்டாலும், கேட்ட கால அளவை வலைப்பின்னல் அப்படியே தரும் என்ற உறுதி இல்லை. அது திருப்பிச் சொல்லும் மதிப்பைக் கருவி படித்துப் பதிவு செய்யும்படி எழுதுங்கள். கருவி தான் இருப்பதை வலைப்பின்னலுக்குத் தெரிவிக்கும் மறுபதிவுக்கான கால அளவு செய்தி அனுப்பும் இடைவெளியைவிட நீண்டதாக இருக்கட்டும். இல்லாவிட்டால் மறுபதிவுக்கென்றே கருவி வீணாக எழுந்திருக்கும்.

பேட்டரிக்கு வழக்கமாக எடுப்பது 3.6 வோல்ட் லித்தியம் தயோனைல் குளோரைடு. பல மாதம் உறங்கிய அந்த பேட்டரியில் உள்ளே ஒரு படலம் படிந்திருக்கும். திடீரென 200 மில்லி ஆம்பியருக்கு மேல் இழுத்தால் மின்னழுத்தம் சரிந்து மாட்யூல் மறுதொடக்கம் ஆகும், மறுபடி டவரைத் தேடும், மறுபடி சரியும். மேசையில் புதுப் பேட்டரியோடு ஓடிய கருவி களத்தில் இப்படி முடங்குவதைக் கண்டால் முதலில் மாட்யூலைத்தான் சந்தேகிக்கத் தோன்றும். பேட்டரிக்கு இணையாகத் துடிப்பு மின்னோட்டம் தரும் மின்தேக்கி ஒன்றைச் சேர்ப்பதே இதற்கு வழி.

செய்தியைச் சுருக்கி, யுடிபி என்ற எளிய அனுப்பு முறையின் மீது, சிறு கருவிகளுக்கான கோஆப் நெறிமுறை வழியாக அனுப்புங்கள். ஒவ்வொரு முறையும் டிஎல்எஸ் என்ற மறைகுறியாக்கப் பாதுகாப்பைப் புதிதாகப் பேசித் தொடங்கினால், ஐம்பது பைட் அளவீட்டுக்காகச் சில ஆயிரம் பைட் போய்வர வேண்டியிருக்கும். அதன் யுடிபி வடிவமான டிடிஎல்எஸ் நெறிமுறையில் இணைப்பு அடையாள எண் வசதியைப் பயன்படுத்தினால், கருவி உறங்கி எழுவதற்குள் அதன் முகவரி மாறியிருந்தாலும் பழைய இணைப்பே தொடரும். எல்லாக் கருவிகளும் காலை ஆறு மணிக்கே அனுப்பினால் ஒரே டவரில் நெரிசலாகி, தோற்றவை மறுபடி மறுபடி முயன்று பேட்டரியைத் தின்னும். ஒவ்வொன்றுக்கும் அதன் வரிசை எண்ணைக் கொண்டு வெவ்வேறு நிமிடத்தை ஒதுக்குங்கள்.

நிறுவும் நாளில் ஆர்எஸ்ஆர்பி அளவு, பேட்டரி மின்னழுத்தம், ஆண்டெனா இருக்கும் நிலையின் படம், வலைப்பின்னல் தந்த உறக்கக் கால அளவு ஆகிய நான்கையும் பதிவு செய்யுங்கள். முதல் மூன்றில் படத்தைத் தவிர மற்றவற்றையும், அனுப்ப ஆன நொடிகளையும் நாள்தோறும் ஒரு செய்தியில் சேர்த்து அனுப்பச் செய்யுங்கள். முதல் நூறு கருவிகளை மூன்று மாதம் இப்படிப் பார்த்து, எந்தக் குழியில் நொடிகள் கூடுகின்றன என்று தெரிந்துகொண்ட பிறகே அடுத்த ஆயிரத்துக்கு ஆணை கொடுங்கள்.