விரிதாள் நிரைகளை ஒவ்வொன்றாக ஏபிஐக்கு அனுப்பியது: என் அனுபவம்

கிளிநொச்சியில் இரணைமடுக் குளத்தின் கீழ் காலபோகம் செய்யும் கமக்காரர்களின் விவரங்கள் 640 நிரைகளாகக் கூகுள் விரிதாளில் இருந்தன. அவற்றை அனுப்பவேண்டிய ஏபிஐ (வேறொரு மென்பொருள் தரவைப் பெற்றுக்கொள்ளும் இடைமுகம்) ஒரு வேண்டுகோளில் ஒருவரின் பதிவையே ஏற்கும் என்பதால், ஒவ்வொரு நிரையையும் ஜேசன் என்ற தரவு வடிவத்துக்கு மாற்றி அனுப்பும் செய்நிரலை விரிதாளுடன் இணைந்து இயங்கும் கூகுளின் ஆப்ஸ் ஸ்கிரிப்டில் எழுதினேன்.

அது பாதியில் நின்றது. ஒரு தடவையில் 6 நிமிடங்களுக்கு மேல் அங்கு எதுவும் ஓடாது. எந்த நிரை போய்ச் சேர்ந்தது என்று தெரியாமல் மீண்டும் இயக்கியதால் பலருடைய பதிவுகள் இரட்டித்தன. ஒரு காணி இரு தடவை பதிவாவது சிறிய பிழையன்று, அதற்காக அலையப்போகிறவர் அந்தக் கமக்காரரே.

ஆகவே விரிதாளில் ‘நிலை’ என்றொரு நிரலை (நெடுவரிசையை) சேர்த்து, பதிவு உருவாகிவிட்டது எனக் குறிக்கும் 201 என்ற மறுமொழி வந்தவுடனேயே அந்த நிரையில் ‘அனுப்பப்பட்டது’ என்று எழுதி, ஃப்ளஷ் கட்டளையால் அதை உடனே பதியச் செய்து, அடுத்த ஓட்டத்தில் அத்தகைய நிரைகளைத் தாண்டிச் செல்லுமாறு மாற்றினேன். 5 நிமிடம் ஆனதும் செய்நிரல் தானே நின்றுகொள்ளும். வேண்டுகோள்கள் அளவுக்கு மிஞ்சிவிட்டன எனக் குறிக்கும் 429 வந்தால் 2, 4, 8 விநாடிகள் எனக் காத்திருந்து மறுபடி அனுப்பும்.

சில நிரைகள் மட்டும், வேண்டுகோளில் பிழை எனக் குறிக்கும் 400 என்று திரும்பின. மறுமொழியை முழுமையாகப் பக்கத்துக் கலத்தில் எழுதவைத்த பிறகே காரணம் புலப்பட்டது: தொலைபேசி இலக்கத்தை விரிதாள் எண்ணாகக் கொண்டு முன்னிருந்த 0ஐ விழுங்கியிருந்தது. 9 இலக்கங்களே உள்ளவற்றின் முன் 0ஐச் சேர்த்து, அந்த நிரலை வெறும் உரையாக மாற்றியதும் எஞ்சியவையும் சென்றன.