வாலைப் பாருங்கள்: மூணாறு மலையின் காட்டுக் காசித்தும்பை

தேவிகுளம் பக்கம் எஸ்டேட் லயத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். ஆடி மழையில் மலை பார்க்க வருகிறவர்கள் போனை நீட்டி, "அக்கா, இது என்ன பூ?" என்று கேட்பார்கள். படம் பெரும்பாலும் பூவின் முகத்துக்கு நேரே எடுத்ததாக இருக்கும். அதை வைத்து என்ன சொல்வது? காசித்தும்பைக்கு அடையாளமே பின்னால் நீளும் வால்தான்.

குனிந்து பக்கவாட்டில் பாருங்கள். கீழே உள்ள புல்லியிதழ் வாலாக நீண்டிருக்கும்; தேன் அதற்குள் இருக்கிறது. சிலவற்றில் வால் நூல் மாதிரி மெலிந்திருக்கும், சிலவற்றில் குட்டைப் பையாக இருக்கும். வாலைப் பார்த்ததும் லார்க்ஸ்பர் என்ற வேறொரு வால் பூ என்று நினைத்துவிட வேண்டாம். லார்க்ஸ்பருக்கு வால் மேல் புல்லியிதழிலிருந்து கிளம்பும், இலையும் விரல் விரலாகப் பிளந்திருக்கும். அதன் காட்டு இனங்களைப் பார்க்க இமயமலைக்கோ மகாராஷ்டிர மலைகளுக்கோ போக வேண்டும். இங்கே நான் கண்டதெல்லாம் பங்களாத் தோட்டத்தில் விதைத்தவை.

அப்புறம், செடி நிற்கும் இடம். காசித்தும்பைக்கு ஈரம் வேண்டும். ரோட்டோரம் நீர் கசியும் பாறையில் தண்டே இல்லாத ஒரு வகை உண்டு. இலை பாசியோடு ஒட்டிக் கிடக்கும், மெல்லிய காம்பில் பூ நிற்கும். மழைக்காலம் போனால் இலை காய்ந்துவிடும், கிழங்கு மட்டும் இடுக்கில் உயிரோடு இருக்கும். வெயில் காலத்தில் அந்தப் பாறை வெறும் பாறையாகத்தான் தெரியும். நான் வருடாவருடம் பார்த்துவந்த ஒரு பாறையை ரோடு அகலப்படுத்தும்போது அப்படித்தான் பெயர்த்துவிட்டார்கள். இன்னும் மனசு ஆறவில்லை.

உயர மலை ஓடைக்கரையில் வளரும் இளஞ்சிவப்புக் காசித்தும்பை ஒன்றுக்கு அறிவியல் பெயர் இம்பேஷியன்ஸ் தங்கச்சி; இம்பேஷியன்ஸ் என்றால் காசித்தும்பை இனம். 19ஆம் நூற்றாண்டில் பெட்டோம் என்ற வனத்துறை அதிகாரி வைத்தது. அந்தப் பெயரைச் சொல்லும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷமாக இருக்கும். லக்கம் அருவி தாண்டி மறையூர்ப் பக்கம் இறங்கினால் மழை மறைவுப் பிரதேசம். ஈரப் பாறைகள் குறைந்துவிடும், தேட வேண்டியிருக்கும்.

வீட்டு வாசலில் தட்டையான முகத்தோடு கூட்டமாகப் பூத்திருப்பது பெரும்பாலும் ஆப்பிரிக்காவிலிருந்து வந்த தோட்டச் செடி. அதையும் காட்டுப் பூ என்று எழுதிவிடாதீர்கள்.

படம் எடுத்தால் மூன்று எடுங்கள்: பக்கவாட்டில் பூ, தண்டில் இலை அமைந்திருக்கும் விதம், செடி நிற்கும் இடம். பறிக்காதீர்கள். முற்றிய காய் தொட்டதும் வெடிக்கும்; ஆசைக்கு ஒன்றைத் தொட்டுப் பாருங்கள், விதை அங்கேயே விழட்டும்.