கண்பரப்பில் புற்றுநோய்: புது டாக்டர்கள் தவறவிடுபவை

கண் ஓ.பி.யில் புதிதாகச் சேரும் டாக்டர்களைக் கவனித்தால், நாங்கள் படித்த காலத்துப் பிழைகளே திரும்பி வருகின்றன. கட்டியை அளக்க மறப்பது, போட்டோ எடுக்காமல் விடுவது எல்லாம் இரண்டு முறை திட்டு வாங்கினால் சரியாகிவிடும். இங்கே எழுதியிருப்பவை நோயாளியின் கண்ணையே பறிக்கக்கூடியவை.

வயதைப் பார்த்து ஒதுக்குவது

வெயிலில் உழைத்த வயதான ஆண்களுக்கு வரும் நோய் என்று படிக்கிறோம். அது பாதிதான். உகாண்டாவின் கம்பாலாவில் 1988 வரை ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் 6 பேருக்கு இந்தப் புற்றுநோய் என்றிருந்தது, 1992-இல் 35 ஆனது. எச்.ஐ.வி. பரவிய காலம் அது. நாற்பதைத் தாண்டாதவருக்கு இந்தக் கட்டி வந்தால் எச்.ஐ.வி. பரிசோதனை அவசியம். உடலில் வைரஸ் இருப்பதை முதலில் காட்டிக்கொடுப்பதே சிலருக்கு இதுதான். ஆனால் சொல்லாமல் ரத்தம் எடுக்காதீர்கள். விளக்கி, சம்மதம் வாங்கி, எச்.ஐ.வி. ஆலோசனையும் பரிசோதனையும் தரும் நம்பிக்கை மையத்துக்கு அனுப்புங்கள். சிறுநீரக மாற்று செய்தவர்களிடம் என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்றும் கேளுங்கள். நோய் எதிர்ப்பை அடக்கும் மருந்துகளும் ஆபத்தைக் கூட்டும்.

டெரிஜியம் என்று வெட்டிக் குப்பையில் போடுவது

இதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆத்திரம் வருகிறது. உப்பளத்தில் வேலை பார்ப்பவர், நடுத்தர வயதுகூட ஆகவில்லை. "சதையை எடுத்தாங்க டாக்டர், மறுபடியும் வளந்துடுச்சு" என்று வந்தார். டிஸ்சார்ஜ் தாளில் 'டெரிஜியம்' என்ற ஒரே சொல். கண்ணின் வெள்ளையிலிருந்து கருவிழி மேல் வளரும், புற்றுநோய் அல்லாத சதை அது. வெட்டியதைப் பயாப்சிக்கு, அதாவது திசுப் பரிசோதனைக்கு, அனுப்பவே இல்லை.

கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்லிட் லேம்பில் பார்த்தால் டெரிஜியத்தின் சாயலே இல்லை. டெரிஜியம் பெரும்பாலும் மூக்குப் பக்கமிருந்து முக்கோணமாகக் கருவிழி மேல் ஏறும். ரத்தக்குழாய்கள் நேராக ஓடும். இவருக்கோ ஜவ்வரிசிக் கூழ் போல மேடிட்ட சதை, மேலே வெள்ளைத் திட்டு, சுருண்ட குழாய்கள். ரோஸ் பெங்கால் என்ற சாயச் சொட்டு விட்டதும் திட்டுத் திட்டாகச் சாயம் பிடித்தது.

குழப்பம் வருவதற்குக் காரணம் உண்டு. இரண்டும் கருவிழியும் வெள்ளைப் பகுதியும் சேரும் விளிம்பில், இமை மூடாத இடத்தில்தான் முளைக்கின்றன. இரண்டுக்கும் புற ஊதாக் கதிர்தான் பெரிய காரணம். உப்பளத்தில் வெயில் மேலிருந்தும் அடிக்கும், தரையிலிருந்தும் அடிக்கும். ஆகவே வெயிலில் வேலை செய்பவர் என்று கேட்டதும் 'டெரிஜியம்தான்' என்று முடிவுகட்டாதீர்கள். அதே பதில்தான் புற்றுநோய்க்கும் பொருந்தும்.

முதலிலேயே கண்டிருந்தால் சுற்றிலும் 3-4 மில்லிமீட்டர் நல்ல திசுவோடு, கட்டியைத் தொடாமல் எடுத்து, ஓரங்களை உறையவைத்திருக்கலாம். சிலருக்குக் கத்தியே வேண்டாம். மைட்டோமைசின், இன்டர்ஃபெரான் சொட்டு மருந்திலேயே கரையும். டெரிஜியம் என்று நினைத்து வெட்டும்போது ஓரத்தில் நோய் மிச்சமிருக்கும். வெட்டிய இடத்தை மூட, அதே கத்தரியால் கண்ணின் மேல்பக்கத்தில் ஒட்டுத்திசு எடுத்தால், நல்ல இடத்திலும் புற்றணுக்களை நாமே விதைத்ததாகிவிடும். அப்புறம் எது தழும்பு, எது நோய் என்று பிரிக்க முடியாது. முற்றினால் கண்குழியையே காலி செய்ய நேரிடும்.

சரி, என்ன செய்வது? டெரிஜியம் என்று நூறு சதவீதம் நம்பினாலும் வெட்டியதை அனுப்புங்கள். திசுவைப் பதப்படுத்தும் ஃபார்மலினில் அப்படியே போட்டால் சுருண்டுவிடும், ஓரம் எது என்று தெரியாது. ஃபில்டர் பேப்பரில் தட்டையாக விரித்து, ஒரு நிமிடம் ஒட்டவிட்டு, எந்தப் பக்கம் மூக்கு, எந்தப் பக்கம் மேல் என்று பென்சிலால் எழுதி, பேப்பரோடு அனுப்புங்கள்.

புகை

புகைப்பாரா என்று கேளுங்கள். பீடியும் சேர்த்தி.

எச்.பி.வி.

உடலுறவிலும் பரவும் இந்த வைரஸுக்கு இந்தக் கட்டியில் பங்கு உண்டா என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. அதை வைத்துக் குடும்பத்தில் சந்தேகத்தைக் கிளப்பாதீர்கள்.

கறுப்புக் கண்ணாடி மட்டும் போதும் என்பது

நிறம் கறுப்பாக இருந்தால் போதாது, புற ஊதாக் கதிரைத் தடுக்க வேண்டும். பக்கவாட்டு ஒளியும் கண்ணுக்குள் வரும். அகல விளிம்புத் தொப்பியும் சொல்லுங்கள்.

குழந்தையின் முகத்தைப் பார்க்காமல் கண்ணை மட்டும் பார்ப்பது

முகம் முழுக்கப் புள்ளிகள், வெளிச்சத்தைக் கண்டாலே கண்ணை இறுக்கும் குழந்தை, விளிம்பில் ஒரு கட்டி. ஸீரோடெர்மா பிக்மென்டோசம் என்ற பரம்பரை நோயாக இருக்கலாம். வெயிலால் கெட்ட டி.என்.ஏ.வைச் சரிசெய்ய அந்த உடலுக்குத் தெரியாது. சின்ன வயதிலேயே புற்றுநோய் வரும். பெற்றோர் சொந்தத்தில் மணந்தவர்களா என்று கேளுங்கள். கூடப்பிறந்த பிள்ளைகளையும் அடுத்த முறை அழைத்துவரச் சொல்லுங்கள்.