கிருஷ்ணய்யரைப் பற்றி ஒரு பக்கம் எழுதுவது எப்படி

எங்கள் வக்கீல் சங்க ஆண்டு மலருக்காக நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யரைப் பற்றி ஒரு பக்கம் எழுதினேன். ‘1952இல் கேரள சட்டமன்ற உறுப்பினரானார்’ என்று ஆரம்பித்திருந்தேன். மலர் அச்சாகி வந்த அன்று, நூலகத்தில் எதிரே இருந்த பாலக்காட்டு சீனியர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டார்: “1952ல கேரளா எங்கப்பா இருந்துச்சு?”

அதனால் அரசியலிலிருந்து நீதிபதியானவரைப் பற்றி எழுத உட்காரும் ஜூனியர்களுக்கு நான் முதலில் சொல்வது, அந்த வருஷத்து வரைபடத்தைப் பாருங்கள் என்பதுதான். அவர் நின்ற கூத்துப்பறம்பு தொகுதி அப்போது சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. சுயேச்சையாக ஜெயித்தவர் வந்து உட்கார்ந்தது சென்னை சட்டமன்றத்தில். அவருடைய அந்தக் காலத்துப் பேச்சுகளை இங்கேதான் தேட வேண்டும். கேரளம் பிறந்தது 1956 நவம்பர் 1. மறு வருஷம் தலச்சேரியில் ஜெயித்து, கேரளத்தின் முதல் முதலமைச்சர் இ.எம்.எஸ். நம்பூதிரிபாடின் அமைச்சரவைக்குப் போனார். சட்டம், உள்துறை, சிறை, மின்சாரம், பாசனம் என்று கை நிறைய இலாகா.

அடுத்து, ‘அமைச்சராக இருந்தவர் நீதிபதியானார்’ என்று ஒரே வரியில் தாண்டாதீர்கள். உயர் நீதிமன்ற நீதிபதிக்கு அரசியல் சட்டத்தின் 217ஆவது பிரிவு கேட்பது பத்து வருஷ நீதித்துறைப் பணி, அல்லது உயர் நீதிமன்ற வக்கீலாகப் பத்து வருஷம். அமைச்சர் பதவி தகுதியும் இல்லை, தடையும் இல்லை. ஆகவே வக்கீல் வாழ்க்கைக்கு இடம் கொடுங்கள். தலச்சேரியில் தொழில் செய்தவர், 1959 ஜூலை 31இல் ஆட்சி கலைக்கப்பட்டதும் திரும்பவும் கறுப்புக் கோட்டு மாட்டினார். 1968இல் கேரள உயர் நீதிமன்றம், பிறகு சட்ட ஆணையம், 1973 ஜூலையில் உச்ச நீதிமன்றம்.

தேதிகளைச் சரிபார்க்க ஒரு குறுக்கு வழி உண்டு. உச்ச நீதிமன்ற நீதிபதிக்கு ஓய்வு வயது 65. அவர் பிறந்தது 1915 நவம்பர் 15, ஓய்வு பெற்றது 1980 நவம்பர். கணக்கு உதைத்தால் எங்கோ தப்பு.

அப்புறம் என்ன, பதவிப் பட்டியல் தயார். ஆனால் அதை யார் படிப்பார்கள்? ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டு எல்லாப் பதவிகளுக்குள்ளும் அது எப்படிப் போகிறது என்று பாருங்கள். நான் பிடித்தது சிறை. கம்யூனிஸ்டுகளுக்கு வழக்காடினார் என்பதற்காக 1948இல் அவரையே உள்ளே வைத்தார்கள். ஒன்பது வருஷம் கழித்து அதே மனிதர் சிறைத்துறை அமைச்சர். உச்ச நீதிமன்றத்தில் சுனில் பத்ரா வழக்கு: தூக்குத் தண்டனைக் கைதி என்பதற்காகத் தனிமைச் சிறையில் அடைக்க முடியாது என்று 1978இல் தீர்ப்பு. அதே பத்ரா பின்னர் திகாரிலிருந்து, இன்னொரு கைதிக்கு நடந்த சித்திரவதையைப் பற்றிக் கடிதம் எழுதுகிறார். நீதிமன்றம் அந்தக் கடிதத்தையே ஆட்கொணர்வு மனுவாக எடுத்துக்கொண்டது. உள்ளே இருந்து பார்த்தவர் எழுதிய தீர்ப்புகள் என்பது வரிக்கு வரி தெரியும். அவருடைய ஆங்கிலத்துக்கு மட்டும் பக்கத்தில் அகராதி வைத்துக்கொள்ளுங்கள், சீனியர்களே திணறுவார்கள்.

கடைசியாக, 1975 ஜூன் 24. ‘இந்திரா காந்திக்குச் சாதகமாகத் தடை உத்தரவு கொடுத்தார்’ என்று பாதிப் பேர் எழுதுவார்கள், ‘இந்திராவை எதிர்த்தார்’ என்று மீதிப் பேர். உத்தரவையே எடுத்துப் படியுங்கள். இந்திராவின் தேர்தல் வெற்றி செல்லாது என்ற அலகாபாத் உயர் நீதிமன்றத் தீர்ப்புக்கு இடைக்காலத் தடை உண்டு, பிரதமராகத் தொடரலாம், அவையில் பேசலாம். ஆனால் எம்.பி.யாக ஓட்டுப் போடக் கூடாது, அந்தச் சம்பளமும் வாங்கக் கூடாது. இரண்டு பாதியையும் அடுத்தடுத்து எழுதி, மறுநாள் இரவு நெருக்கடி நிலை வந்தது என்று ஒரு வரி சேர்த்தால் போதும். அவர் எந்தப் பக்கம் என்று நீங்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டாம்.

திருத்தி எழுதிய பக்கத்தை அந்த சீனியரிடம் காட்டினேன். முதல் வரியைப் படித்துவிட்டுக் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டார்.