காசன் போட்டால் பூட் ஆகாத கெர்னல்: என் அனுபவம்

ஆர்ம்64 லினக்ஸ் கெர்னலில், மெமரி பிழைகளைக் கண்டுபிடிக்கும் கருவியான காசனை (KASAN) இயக்கியதும் பூட் அப்படியே நின்றது. கன்சோலில் ஓர் எழுத்துகூட இல்லை. பூட்டின் தொடக்கத்திலேயே கன்சோலில் எழுத வைக்கும் எர்லிகான் (earlycon) போட்டேன், ஹார்ட்வேர் விவரங்கள் உள்ள டிவைஸ் ட்ரீயைத் துருவினேன், காசன் சோதனைகளை இன்லைனிலிருந்து (கோடுக்குள்ளேயே) அவுட்லைனுக்கு (தனி ஃபங்ஷன் அழைப்பாக) மாற்றினேன். பல நாள் வீண்.

அப்புறம் கியூஎமு (QEMU) எமுலேட்டரில் ஜிடிபி (GDB) டீபகரை இணைத்தபோதுதான் ஒரு ரெஜிஸ்டரில் எஃப்1எஃப்1எஃப்1எஃப்1 என்றிருந்தது கண்ணில் பட்டது. ஸ்டாக்கில் உள்ள அரேக்கு இடது ஓரத்தில் காசன் போடும் குறி அது. லோக்கல் அரே உள்ள ஃபங்ஷன், நுழைந்த உடனே இதை ஷேடோ மெமரியில், அதாவது எந்த மெமரியைத் தொடலாம் என்று காசன் குறித்து வைக்கும் இடத்தில், எழுதும். 8 பைட்டுக்கு 1 பைட் வீதம் இருக்கும் அந்த ஷேடோவோ, காசன்_எர்லி_இனிட் என்ற ஃபங்ஷன் ஓடிய பிறகுதான் மேப் ஆகும். புதிதாகச் சேர்ந்த ஒரு ஃபங்ஷன் அதற்கு முன்பே ஓடி, மேப் ஆகாத இடத்தில் எழுதப் போயிருக்கிறது; அதனால்தான் பூட் நின்றது.

மேக்ஃபைலில் அந்த ஃபங்ஷன் உள்ள கோப்புக்கு மட்டும் காசன் சோதனையை அணைத்து பில்ட் செய்தேன். பூட் ஆகிவிட்டது, அப்பாடா!