உப்புக்காற்றில் வீடு கட்டுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராமநாதபுரம் கடற்கரையில், மண்டபம், பாம்பன் பக்கங்களில் கட்டி இருபது ஆண்டுகூட நிறையாத வீடுகள் சிலவற்றின் சன்ஷேடை அண்ணாந்து பார்த்தால், கம்பி ஓடும் திசையிலேயே நீளமாக ஒரு வெடிப்பும் அதன் ஓரத்தில் செம்பழுப்புக் கசிவும் தெரியும். பூச்சுக் கோளாறு என்றெண்ணி அதன்மேல் சிமெண்ட் பூசி வெள்ளையடித்துவிடுவது தவறு. உள்ளே கம்பி துருப்பிடித்திருக்கிறது. துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்வதால் கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கிறது.

இதற்கு முதல் காரணம் தண்ணீர். நல்ல தண்ணீரை லாரியில் விலைக்கு வாங்க வேண்டியிருப்பதால், மனையிலேயே போட்ட போர்வெல்லின் உப்புத் தண்ணீரைக் கலவைக்கு விட்டுவிடுகிறார்கள். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது ஐ.எஸ். 456 என்னும் இந்தியத் தரவிதி. நாக்கில் வைத்துப் பார்த்துக் கொத்தனார் ‘பரவாயில்லை’ என்பதை நம்ப வேண்டாம். உப்புத் தண்ணீரில் பழகிய நாக்குக்கு அது கரிக்காது. வேலை தொடங்குமுன் ஒரு பாட்டில் தண்ணீரைச் சோதனைக் கூடத்தில் கொடுத்துப் பாருங்கள். கடற்கரை மணலை அள்ளிக் கலவையில் சேர்ப்பதும் இதே தவறுதான். தளம் போட்டபின் அதை ஈரமாக வைக்கப் பாத்தி கட்டி உப்புத் தண்ணீரைத் தேக்குவது இன்னும் கேடு: வெயிலில் தண்ணீர் ஆவியாகிவிட, உப்பு மட்டும் கான்கிரீட்டில் தங்கிவிடுகிறது. இந்த வெயிலில் குறைந்தது 10 நாள், எரிசாம்பல் போன்றவை சேர்த்த கலப்பு சிமெண்ட் என்றால் 14 நாள், நல்ல தண்ணீரே விட வேண்டும். சிமெண்டின் பெயரை ஆராய்ந்து வாங்கும் அக்கறையில் பாதியையாவது தண்ணீருக்குக் காட்ட வேண்டும் என்பேன்.

அடுத்தது, கான்கிரீட்டைத் தாங்க அடியில் அடிக்கும் சென்ட்ரிங் பலகைக்கும் கம்பிக்கும் நடுவே ஜல்லித் துண்டைச் செருகி வைப்பது. கான்கிரீட் கொட்டும் ஆட்கள் கம்பிமேல் நடக்கையில் ஜல்லி நழுவ, கம்பி பலகையோடு படிந்துவிடுகிறது. பிறகு உப்புக்காற்றுக்கும் கம்பிக்கும் இடையே வெறும் பூச்சுதான். கடற்கரைச் சூழலில் எம்30 என்னும் வலிமைத் தரக் கான்கிரீட்டும், கம்பிக்கு வெளியே 45 மி.மீ. கவரும் (கம்பியை மூடி நிற்கும் கான்கிரீட் கனம்) அதே ஐ.எஸ். 456 கேட்பவை. கடையில் எளிதாகக் கிடைக்கும் 20 மி.மீ. கவர் பிளாக்குடன் (இந்த இடைவெளிக்காகக் கம்பிக்கு அடியில் வைக்கும் சிறு கட்டை) நிறுத்திவிடாமல், உரிய அளவில் வார்த்துத் தரச் சொல்லுங்கள்; கான்கிரீட் போடும் நாள் காலையில் அளவுகோலுடன் நீங்களே ஏறிப் பாருங்கள்.

கழிவுநீர் உறிஞ்சுகுழியைக் கிணற்றருகே தோண்டுவது உடல்நலத்தையே தாக்கும் தவறு. ஆழமில்லாத கிணற்றில் நல்ல தண்ணீர் ஊறும் மணற்பாங்கான ஊர்களில் கழிவுநீர் விரைவில் கிணற்றை எட்டிவிடும் என்பதால், இரண்டுக்கும் இடையே 18 மீட்டராவது வேண்டும். பக்கத்து வீட்டுக் கிணறும் இந்தக் கணக்கில் சேரும். குழி தோண்டுமுன் அந்த வீட்டாரையும் அழைத்து அளந்து காட்டிவிடுவது நல்லது.