கையைக் கண்டாலே மிரண்ட குட்டி கெக்கோ

தொட்டிக்குள் கை விட்டாலே என் லெப்பர்ட் கெக்கோ (வீட்டில் வளர்க்கும் ஒரு பல்லி வகை) குட்டி வாலைத் தூக்கி மெல்ல ஆட்டும், கீச்சென்று கத்தும். தப்பு என்னுடையதுதான்: மேலிருந்து பிடித்துத் தூக்கினேன். மேலிருந்து வருவது எதுவும் அதற்குப் பருந்து மாதிரி. பயம் மிஞ்சினால் வாலையே கழற்றிவிடும்.

சரி என்று இரண்டு வாரம் தொடவே இல்லை. சூடான பக்கத் தரையை 32 டிகிரி செல்சியஸில் வைத்தேன். ஒளிந்துகொள்ள ஈரப்பாசி போட்ட டப்பா, தினமும் கால்சியம் பொடி தூவிய சின்னப் பூச்சிகள், அவ்வளவுதான்.

அப்புறம் மாலை வேளைகளில் உள்ளங்கையை விரித்துத் தரையோடு வைத்துக் காத்திருந்தேன், ஐந்தே நிமிடம். ஒன்பதாம் நாள் விரலை நக்கிப் பார்த்தது. பிறகு ஒவ்வொரு காலாக எடுத்து வைத்து ஏறியது. வயிறு எவ்வளவு மெத்தென்று இருந்தது! இப்போதும் தரையில் உட்கார்ந்துதான் கையில் ஏற்றுகிறேன். துள்ளி விழுந்தாலும் அடிபடாது.